மசில் காரில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனின் தென்கிழக்கில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், கார் தொழிலை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் சிலர் பழைய அமெரிக்க வண்டி ஒன்றையும் கராஜில் வைத்துப் பராமரிக்கிறார்கள். என்னிடம் இருப்பது 1969-ஆம் ஆண்டின் செவர்லே செவெல். 350 கன அங்குல வி-8 எஞ்சின் (எட்டு சிலிண்டர்), கையால் மாற்றும் நான்கு கியர். என் மகளும் மகனும் கியர் வண்டி ஓட்டப் பழகியது இதில்தான் என்று தெரிந்ததிலிருந்து, பிள்ளைகள் பதினைந்து வயதை நெருங்கும் வீடுகளிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் தொடர்பான பதில்கள் மிச்சிகனுக்கு மட்டுமே பொருந்தும்.

மசில் கார்னா எது? பழைய அமெரிக்க வண்டி எல்லாமே மசில் கார்தானா?

இல்லை. 1964-இல் பாண்டியாக் கம்பெனி, டெம்பெஸ்ட் என்ற தன் நடுத்தர வண்டியில், பெரிய வண்டிகளுக்கென்று செய்த 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றது. அந்த வழியில் வந்த செவெல் எஸ்.எஸ்., பிளிமத் ரோட் ரன்னர், டாட்ஜ் சார்ஜர் போன்றவையே முறையான மசில் கார்கள். மஸ்டாங்கையும் கமாரோவையும் போனி கார் என்று தனியே பிரிப்பவர்கள் உண்டு. கற்றுக்கொடுப்பவருக்கு அந்தப் பிரிவினையால் பயன் எதுவுமில்லை என்பதால், 1964 முதல் 1974 வரை வந்த, இரண்டு கதவும் வி-8 எஞ்சினும் பின்சக்கர இழுவையும் கொண்ட வண்டிகள் அனைத்தையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன்.

குதிரைத்திறன் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து, சைலன்சர் முதலிய சுமைகள் இல்லாமல் அளந்த எண்ணையே விளம்பரம் செய்தன. 1972 முதல்தான் வண்டியில் பொருத்திய நிலைக்குரிய அளவு வழக்கத்துக்கு வந்தது. ஆகவே அன்றைய 300 இன்றைய 300 ஆகாது. ஆனால் இந்த எஞ்சின்கள் குறைந்த சுழற்சியிலேயே பெரும் இழுவையைத் தந்துவிடும் என்பதால், புதிதாக ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் ஆறுதல் தராது.

பதினஞ்சு வயசுப் பிள்ளையை ஏர்பேக் கூட இல்லாத வண்டியில உட்கார வைக்கிறது தப்பில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சாவியைக் கொடுக்கும் பெற்றோரைக் கண்டால்தான் எனக்குப் பயம். ஏர்பேக் பயணிகள் கார்களில் கட்டாயமானது 1998 மாடலிலிருந்து; வண்டி வழுக்கும்போது தானாகத் திருத்தும் நிலைப்புக் கட்டுப்பாடு 2012 மாடலிலிருந்து. இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே பெல்ட்டே 1974 மாடலில்தான் கட்டாயமானது. 2009-இல் அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனம், 1959-ஆம் ஆண்டு பெல் ஏர் ஒன்றையும் 2009-ஆம் ஆண்டு மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் எதிரெதிரே பாதி முகப்பு இடிக்கும்படி மோதவிட்டது. பழைய வண்டியின் ஓட்டுநர் பகுதி நசுங்கிப்போனது. புதிய வண்டியில் இருந்தவருக்குக் காலில் காயம் பட்டிருக்கும், அவ்வளவே. பழைய இரும்பு கெட்டி என்பவர்கள் அந்தப் படத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். 1969 வண்டி 1959 வண்டியைவிடப் பரவாயில்லை. மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் தோள் பெல்ட்டும் அதற்குள் வந்துவிட்டன. ஆனாலும் இன்றைய வண்டியின் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

ஆகவே என் நிலை இதுதான்: மசில் கார் கற்றுக்கொள்வதற்கு நல்ல வண்டி, பிள்ளையின் முதல் வண்டியாக இருப்பதற்கு மிக மோசமான வண்டி. இடம், நேரம், வேகம் மூன்றும் பெற்றவர் கையில் இருக்கும்வரைதான் அது பாடம். பிள்ளை அதிலேயே தினமும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டால், மேலே சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் காலையும் மாலையும் அதனுடன் சாலைக்கு வரும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைப்பவை.

அப்புறம் எதுக்கு இந்த வம்பு? புது வண்டியிலேயே சொல்லிக்கொடுத்துட்டுப் போகலாமே?

போகலாம், அதில் குறை எதுவும் இல்லை. அமெரிக்காவில் கியர் வண்டி ஓட்டத் தெரியாமல் ஒருவர் வாழ்நாள் முழுவதையும் கழித்துவிடலாம். இங்கே கியர் வண்டிக்கென்று தனி லைசன்சும் கிடையாது. பழைய வண்டியில் பழகினால்தான் உண்மையான ஓட்டுநர் என்பது கராஜில் உட்கார்ந்து பேசும் பெரியவர்களின் பெருமைப் பேச்சு.

ஆனால் புதிய வண்டி மறைத்துவிடும் சிலவற்றைப் பழைய வண்டி வெளிப்படையாகக் காட்டும். பிரேக்கை மிதித்ததும் மூக்கு தாழ்வதும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்பக்கம் அமர்வதும், வளைவில் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதும் பிள்ளையின் முதுகுக்கே தெரியும். நிற்க எத்தனை தூரம் வேண்டும் என்பதை அது புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. இரண்டு கைகளும் கால்களும் வேலையில் இருப்பதால் செல்போனை நினைக்கக்கூட நேரமிருக்காது. என் மகள் இதில் சில வாரங்கள் பழகிய பிறகு வீட்டிலிருக்கும் புதிய வண்டியில் முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடையே தானாகவே இடம் விடத் தொடங்கினாள். நான் எத்தனை முறை வாயால் சொல்லியும் வராத பழக்கம் அது.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? சட்டம் என்ன சொல்லுது?

மிச்சிகனில் ஓட்டுநர் பயிற்சியின் முதல் பகுதியில் 14 வயது 8 மாதத்தில் சேரலாம். அதை முடித்து, 14 வயது 9 மாதம் நிறைந்தால் முதல் நிலை லைசன்ஸ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பெற்றவரோ காப்பாளரோ, அல்லது அவர்கள் அனுமதித்த 21 வயது நிறைந்த லைசன்ஸ் உள்ள ஒருவரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே ஓட்டலாம். 16 வயதில் இரண்டாம் நிலைக்குப் போவதற்கு, இரவில் 10 மணி நேரம் உட்பட 50 மணி நேரம் பெரியவர் மேற்பார்வையில் ஓட்டியிருக்க வேண்டும்; வண்டி ஓட்டும் தேர்விலும் தேற வேண்டும். தனிக் கட்டுப்பாடுகள் இல்லாத மூன்றாம் நிலை 17 வயதில்.

அந்த 50 மணி நேரத்தையும் மசில் காரிலேயே ஓட்டிக் கணக்குக் காட்டலாமா?

இன்ன வண்டியில்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நான் அப்படிச் செய்ய மாட்டேன். முதல் 25 மணி நேரமாவது புதிய ஆட்டோமேட்டிக் வண்டியில் போக வேண்டும் என்பது என் கருத்து. சாலையைப் படிப்பது, கண்ணாடி பார்ப்பது, லேன் மாறுவது, இடதுபுறம் திரும்பும்போது எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பது ஆகியவையே பிள்ளையின் தலைக்குப் போதுமான சுமை. அதன்மேல் கிளட்ச்சையும் ஏற்றினால் கண் சாலையை விட்டுக் காலுக்குப் போய்விடும்.

இரவு மணி நேரங்களைப் பழைய வண்டியில் ஓட்டவே வேண்டாம். அந்தக் காலத்து விளக்குகள் மங்கல்; அவற்றை பிரைட்டாக்கும் பொத்தானும் தரையில், இடது காலுக்கு அருகே இருக்கும். கிளட்ச்சை மிதிக்கும் காலே அதையும் தேடி மிதிக்க வேண்டும் என்பது பழகியவருக்கு வேடிக்கை. பழகாத பிள்ளைக்கு இருட்டில் கூடுதல் தலைவலி. பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சாலையில் உப்பு விழத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வண்டிகள் கராஜைவிட்டு வெளியே வருவதில்லை.

என் வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் போட்டிருக்கேன். அதுல பழக்கலாமா?

மிச்சிகனில் பழைய வண்டிகளுக்கென்று தரும் அந்த நம்பர் பிளேட் 26 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆன வண்டிகளுக்குக் கிடைக்கிறது. கட்டணம் குறைவு, பதிலுக்கு, சங்க நிகழ்ச்சிகள், கண்காட்சி, ஊர்வலம், எந்திரச் சோதனை ஓட்டம் போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியை எடுக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் முழுவதற்கும் இந்தக் கட்டுப்பாட்டில் சட்டமே விலக்கு தருகிறது. மற்ற மாதங்களில் பிள்ளைக்கு வண்டி பழக்குவது அந்தப் பட்டியலில் அடங்கும் என்று வாதாடிப் பார்ப்பதைவிட, கூடுதல் கட்டணம் கட்டிச் சாதாரணப் பிளேட்டை மாட்டிக்கொள்வதே நிம்மதி.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணுமா, வேண்டாமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். வண்டி வெளியே உருளுவதற்கு முன்பே, எழுத்தில் சொல்லிப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளுக்கான பாலிசியில் வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. அதற்கு ஈடாக, வண்டியை எதற்கு எடுக்கலாம், யார் ஓட்டலாம் என்பவை கடுமையாக இருக்கும். புதிதாக லைசன்ஸ் வாங்கியவர்களை ஏற்காத பாலிசிகள் உண்டு; வீட்டிலுள்ள ஓட்டுநர்கள் எல்லோர் பெயரையும் கேட்பவையும் உண்டு. மேற்பார்வையில் பழகும் பிள்ளைக்கு உங்கள் பாலிசி பொருந்துமா என்பதை ஏஜெண்டிடம் இதே சொற்களில் கேளுங்கள். பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்களே, எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்களாகவே அனுமானித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி நல்லாத்தான் ஓடுது. பிள்ளைக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எதை எதைச் சரிபண்ணணும்?

முதலில் பெல்ட். 1968 முதல் முன்னிருக்கைகளுக்குத் தோள் பெல்ட் உண்டு. ஆனால் அது இடுப்பு பெல்ட்டோடு சேராமல், கதவுக்கு மேலே கூரையோரம் கிளிப்பில் மாட்டப்பட்டிருக்கும் தனிப் பட்டை. யாரும் போடுவதில்லை என்பதால் பல வண்டிகளில் அது மடித்தபடியே மக்கிப்போயிருக்கும். தானே சுருண்டு இழுத்துக்கொள்ளும் மூன்று முனை பெல்ட்டுகள் இந்த வண்டிகளுக்கென்றே கிடைக்கின்றன. ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் மாட்டிவிடுங்கள். மாட்டும் இடத்தில் தரைத் தகடு துருப்பிடித்திருந்தால் எந்த பெல்ட்டும் பிடிக்காது. கம்பளத்தைத் தூக்கி, திருப்புளியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொதபொதவென்று கேட்டால் வெல்டிங் வேலை பாக்கி இருக்கிறது.

அடுத்து பிரேக். 1966 வரையிலான பல வண்டிகளில், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைக் குழாய்களில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். 1967-லிருந்து இரண்டு அறைகள் வந்தன. பழைய வகை இருந்தால் அதை மாற்றாமல் பிள்ளையை ஏற்றக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் சிறிதும் இல்லை. முன்சக்கரங்களில் டிரம் இருந்தால் டிஸ்க்காக மாற்றுவது நல்லது. அசல் பாகங்களைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் வண்டியின் மதிப்பைப் பற்றி வருந்தவும் வேண்டாம். என் செவெலில் அப்படித்தான் செய்தேன். உப்பு ஊறிய இந்த ஊரில் பிரேக் குழாய்களை முழு நீளத்துக்கும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

டயரில் பூ, அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், நிறைய இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் கழற்றுங்கள். அழகுக்காகப் அந்தக் காலத்து அமைப்பிலான பயஸ் பிளை டயர் போட்டிருந்தால், இன்று வழக்கத்தில் உள்ள ரேடியலுக்கு மாறுங்கள். வலப்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் இருக்காது. ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஆக்சிலரேட்டர் கம்பி காலை எடுத்ததும் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்த்து, இரண்டாவது ஸ்பிரிங் ஒன்றையும் போடச் சொல்லுங்கள். 1970 வரையிலான மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அதில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. பின்னாலிருந்து யாராவது இடித்தால் பெட்ரோலுக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் இடையே கெட்டியான தடுப்புத் தகடு ஒன்றை வைப்பது அவசியம்.

ஆட்டோமேட்டிக் நல்லதா, நாலு கியர் நல்லதா?

கற்பதற்கு நான்கு கியர்தான். பெரிய வி-8 எஞ்சின் கிளட்ச் பழகுபவரிடம் மிகப் பொறுமையாக நடந்துகொள்ளும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, கிளட்ச்சை மெதுவாக விட்டால், வண்டி முனகிக்கொண்டு நகரத் தொடங்கிவிடும். சிறிய நான்கு சிலிண்டர் வண்டியில் இது அவ்வளவு எளிதில்லை. சிரமம் பெடலின் கனத்தில்தான். இடது தொடை நடுங்க ஆரம்பித்தால் அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டவிடாதீர்கள்.

பழைய ஆட்டோமேட்டிக்கில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய வண்டிகளைப் போல பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து நெம்பு நகரும் என்ற பூட்டு அதில் கிடையாது. புதிய வண்டியில் வளர்ந்த பிள்ளைக்கு இதை ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள்.

சாவியைத் திருப்பினா வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது, இல்லன்னா பின்னாடி குதிக்குது. ஏன் அங்கிள்?

இதைக் கேட்டது ஒரு பதினைந்து வயதுப் பெண். குளிர்ந்த எஞ்சினுக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் காற்றைக் குறைக்கும் சோக் என்ற தகடு மூடியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தரைவரை ஒரே ஒரு முறை மிதித்து விட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். பிறகு காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் பலமுறை மிதித்தால் பெட்ரோல் நிரம்பி எஞ்சின் மூச்சுத் திணறும், பெட்ரோல் வாடையும் அடிக்கும். அப்போது பெடலை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி, பம்ப் செய்யாமல், சாவியைத் திருப்பினால் உள்ளே போகும் காற்று அதைச் சரிசெய்யும்.

பின்னால் குதிப்பதற்குக் காரணம் வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் 1969-லிருந்து சாவித் துளையை ஸ்டியரிங் தண்டுக்குக் கொண்டுவந்தது. கியர் வண்டியை ரிவர்ஸில் போட்டால்தான் சாவியைப் பூட்டி உருவ முடியும். ஆக இரவெல்லாம் வண்டி ரிவர்ஸிலேயே நிற்கிறது. கிளட்ச் மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகச் செய்யும் ஸ்விட்ச் இந்த வயது வண்டிகளில் பலவற்றில் கிடையாது. இருந்திருந்தாலும் ஐம்பது ஆண்டுகளில் யாராவது ஒருவர் கழற்றிப் போட்டிருப்பார். சாவியைத் தொடுவதற்கு முன் கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நெம்பை இடவலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். கராஜ் கதவுக்கு முன்னால் இதைப் பழக வேண்டாம்.

முதல் நாள் எங்கே கூட்டிட்டுப் போறது? என்ன சொல்லிக்கொடுக்கிறது?

சமதளமான, காலியான, அனுமதி பெற்ற பெரிய பார்க்கிங் இடம் வேண்டும். விளக்குக் கம்பங்களும் தடுப்புக் கட்டைகளும் குறைவாக இருப்பது நல்லது. எஞ்சினை அணைத்த நிலையில் முதலில் பத்து நிமிடம் கியர் நெம்பை மட்டும் பழக்குங்கள், கண் முன்கண்ணாடியை விட்டு அகலாமல். பிறகு எஞ்சினை இயக்கி, வலது கால் பிரேக்குக்கு மேலே ஓய்வாக இருக்க, கிளட்ச்சை மட்டும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடச் சொல்லுங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் ஒலி தாழும், பானெட்டின் முன்விளிம்பு லேசாக மேலெழும். அந்த இடத்தில் காலை நிறுத்தி, மீண்டும் உள்ளே அழுத்த வேண்டும். வண்டி ஒரு முழம்கூட நகர வேண்டியதில்லை. அந்த ஒலி காதில் பதியும்வரை வேறெதையும் தொடங்காதீர்கள்.

அதன்பின் ஆக்சிலரேட்டர் இல்லாமலேயே முதல் கியரில் நகர்ந்து நிற்பது; பிறகு இரண்டாம் கியர்; பிறகு பிரேக். முதல் நாளில் ஆக்சிலரேட்டர் பக்கமே போகாவிட்டாலும் குற்றமில்லை. வேகம் காட்டும்படி பிள்ளை கெஞ்சும்; கூட வந்த தம்பி அதைவிடக் கெஞ்சுவான். தம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

கிளட்ச் தேஞ்சுபோயிடாதா? கியர் 'கரக்'னு கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சே அடைக்குது.

தேயும். கிளட்ச் தட்டு தேய்வதற்கென்றே செய்த பாகம், மாற்றிக்கொள்ளலாம். பெரும் சேதம் பழகும் திணறலால் வருவதில்லை, ஹாஃப் கிளட்ச்சிலேயே நெடுநேரம் நிற்கும் சோம்பலால் வருகிறது. எரிந்த வாடை வந்தால் நியூட்ரலில் போட்டு ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். சில மூன்று கியர் வண்டிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் பாகம்) கிடையாது என்பதால், முழுதும் நின்ற பிறகே அதில் போட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் அந்தச் சத்தம் நிச்சயம்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் முகம் சுளிப்பவராக நீங்கள் இருந்தால் இந்த வண்டியில் கற்றுக்கொடுக்காதீர்கள். பெயின்ட்டிலும் கியர் பெட்டியிலும் கண் வைத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் ஓட்டக் கற்றதில்லை. வண்டியின் எண்ணோடு எண் பொருந்தும் அசல் எஞ்சின் கொண்ட, ஏலத்துக்குப் போகும் தரத்திலான வண்டி என்றால் அதைக் கராஜில் விட்டுவிட்டு, பழகுவதற்குச் சாதாரணமான ஒன்றைத் தேடுங்கள்.

என் மகன் நல்லா அழுத்தித்தான் மிதிச்சான். ஆனா மூணாவது தடவை பிரேக்கே பிடிக்கலை. பிரேக்ல கோளாறா?

டிரம் பிரேக் என்றால் கோளாறு இல்லாமலும் அப்படி ஆகும். அடுத்தடுத்து வேகத்திலிருந்து நிறுத்தும்போது மூடிய டிரம்முக்குள் சூடு வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது, லைனிங்கும் பிடிமானத்தை இழக்கிறது. ஓய்வு கொடுத்தால் சரியாகும். குட்டையில் நனைந்தாலும் இதே கதை. பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் காயும். மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெடல் தரையைத் தொட்டாலோ அது கோளாறுதான். பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாததால், முழு பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரம் ஸ்டியரிங் சொல்லைக் கேட்காது. இதை மணிக்கு 20 மைல் வேகத்தில், காலியான இடத்தில், வேண்டுமென்றே ஒரு முறை செய்ய வைத்து, மிதியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் திரும்பக் கிடைப்பதை உணரச் செய்யுங்கள். அதற்கடுத்த நாளே புதிய வண்டியில், ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது காலைத் தளர்த்தாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதையும் பழக்க வேண்டும். இரண்டு வண்டியிலும் மாறி மாறிப் பழகும் பிள்ளை குழம்பக்கூடிய முதன்மையான இடம் இதுதான்.

பவர் ஜாஸ்தியா இருக்கு. ஆக்சிலரேட்டருக்கு அடியில கட்டை வைக்கலாமா?

வைப்பவர்கள் உண்டு. ஆனால் நகர்ந்து பெடலுக்கடியில் தாறுமாறாகச் சிக்கக்கூடிய எதையும் ஓட்டுநரின் காலடியில் வைக்க எனக்கு மனம் வராது. நான்கு வாய் கார்புரேட்டரில் சாதாரண ஓட்டத்துக்கு இரண்டு வாய்களே போதும். பெடலை ஆழமாக மிதிக்கும்போதுதான் மற்ற இரண்டும் திறக்கின்றன. பழகும் காலத்துக்கு அவை திறக்காதபடி மெக்கானிக் கட்டிவைத்துத் தர முடியும். வண்டியின் ஆவேசம் பாதி அடங்கிவிடும், காலடியும் சுத்தமாக இருக்கும்.

எப்படியிருந்தாலும் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்: கிளட்ச்சை மிதி, அல்லது நியூட்ரலுக்குத் தள்ளு, பிரேக்கைப் பிடி, பிறகு சாவியை ஆஃப் நிலை வரை மட்டும் திருப்பு. ஓடும் வண்டியில் சாவியைப் பூட்டும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது; ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் அது ஆபத்து.

ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே மழை பிடிச்சுக்கிட்டா?

ஓரமாக நிறுத்தி இடம் மாறிக்கொள்ளுங்கள்; நீங்கள் ஓட்டி வீடு சேருங்கள். எடை முன்னாலும் இழுவை பின்னாலும் இருக்கும் வண்டி இது. ஈரச் சாலையில் இரண்டாம் கியரில் வளைவிலிருந்து வெளியேறும்போது சற்று அழுத்தி மிதித்தால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். பாஸிட்ராக்ஷன் என்ற பின் அச்சு அமைப்பு உள்ள வண்டியில் இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்தே சுழலும் என்பதால் அது இன்னும் விரைவாகப் பக்கவாட்டில் போகும். இரண்டாம் கேள்வியில் சொன்ன நிலைப்புக் கட்டுப்பாடு இங்கே காப்பாற்ற வராது.

ஏற்றத்துல நிறுத்தி எடுக்கும்போது பின்னால உருளுது. ஊர்ல ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே பழகினோம்?

ஊரில் ஹேண்ட் பிரேக் கையருகே இருந்தது. சிறிது சிறிதாகத் தளர்த்த முடிந்தது. செவெல் போன்ற வண்டிகளில் அது இடது காலால் மிதிக்கும் பெடல். டேஷுக்கு அடியிலுள்ள பிடியை இழுத்தால் ஒரேயடியாக விடுபடும். அந்த வித்தை இங்கே பலிக்காது. பிரேக்கில் கால் இருக்கும்போதே கிளட்ச்சைக் கடிக்கும் இடம்வரை கொண்டுவந்து, பிறகு வலது காலை மாற்ற வேண்டும். முதல் நாள் பாடத்தில் சொன்ன அந்த ஒலி பயன்படுவது இங்கேதான். தென்கிழக்கு மிச்சிகன் தட்டையான ஊர் என்பதால், பழகுவதற்கு ஏற்றம் தேடித்தான் போக வேண்டியிருக்கும்.

அப்பா பக்கத்துல உட்கார்ந்து கத்திக்கிட்டே இருக்காரு. நான் எப்படி ஓட்டுறது?

தம்பி, இதை உன் அப்பாவிடம் காட்டு. கத்துபவர் பயந்திருக்கிறார் என்று பொருள். பயந்தவர் கற்றுக்கொடுக்க முடியாது. புறப்படுவதற்கு முன்பே இன்றைக்கு என்ன பழகப்போகிறோம் என்று பேசிக்கொள்ளுங்கள். ஓடும்போது அவர் சொல்ல வேண்டியவை "நிறுத்து", "மெதுவாக", "கிளட்ச்" போன்ற ஒற்றைச் சொற்கள் மட்டுமே. விளக்கமெல்லாம் நின்ற பிறகு. அப்பாவால் முடியவில்லை என்றால் அம்மா வரட்டும், அல்லது 21 வயது தாண்டிய, பொறுமையான ஒரு மாமாவோ சித்தியோ வரலாம். நான்காம் கேள்வியின்படி அதற்குச் சட்டம் இடம் தருகிறது.

ஆகஸ்ட்ல வுட்வர்ட் குரூஸுக்கு அவனையே ஓட்டிட்டு வரச் சொல்லலாமா?

வேண்டாம். வுட்வர்ட் டிரீம் குரூஸ் 1995-லிருந்து நடக்கிறது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை அந்தச் சாலை முழுவதும் பழைய வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கிளட்ச்சை நூறு முறை மிதித்து விடும் நெரிசல், ஏறும் எஞ்சின் சூடு, இரண்டு ஓரமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் டயரைப் புகையவிடச் சொல்லிக் கைகாட்டுபவர் ஒருவராவது இருப்பார். பதினாறு வயதுக்கு அந்தச் சைகையை மறுப்பது கடினம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரட்டும். அதே சாலையில் வேறொரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓட்டவிடுங்கள்.

டெஸ்ட்டுக்கு இந்த வண்டியையே கொண்டுபோகலாமா?

விளக்கு, ஹாரன், பெல்ட் எல்லாம் சரியாக இருந்து தேர்வாளரும் ஒப்புக்கொண்டால் போகலாம். ஆனால் கியர் வண்டியில் தேறியதற்கென்று லைசன்சில் எதுவும் கூடப்போவதில்லை; எஞ்சின் ஒரு முறை அணைந்தால் பதற்றம் மட்டும் கூடும். வீட்டு வண்டியிலேயே தேர்வுக்குப் போகட்டும்.

லைசன்ஸ் வந்தாச்சு. இனிமே தனியா எடுத்துட்டுப் போக விடலாமா?

இரண்டாம் நிலை லைசன்சில் இரவு 10 முதல் காலை 5 வரை தனியே ஓட்டக் கூடாது, குடும்பத்தாரைத் தவிர 21 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சில விலக்குகளோடு கட்டுப்பாடு இருக்கிறது. மசில் காருக்கு அது போதாது. என் வீட்டில் 18 வயதுவரை தனியே எடுப்பதில்லை என்பதே விதி. அதன் பிறகும் பகல் நேரம், காய்ந்த சாலை, தெரிந்த பாதை, நண்பர்கள் கூட்டம் இல்லை என்ற நிபந்தனைகள் உண்டு. அதிவேக நெடுஞ்சாலை கிடையாது. இன்சூரன்ஸ் பாலிசியில் பிள்ளையின் பெயர் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வயதைவிட நான் பார்ப்பது வேறு ஒன்றை. வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் எண்ணெய் அளவையும் டயர் காற்றையும் யாரும் சொல்லாமல் பார்க்கும் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கலாம். நேராக வந்து சாவியைக் கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னும் சில மாதங்கள் நீங்களும் உட்கார்ந்து போக வேண்டும்.